அமுக்கிப் பார்க்கக் கூடாது

கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘வயிற்றை அமுக்காதீர்கள்.’ நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவனில்லை. இதைப் படிக்க அந்தப் படிப்பே போதும். தொட்டுப் பார்க்காதே என்று ஒருத்தர் சொன்னால், உள்ளே ஏதோ கோளாறு என்றுதான் என் புத்தி போகும். ஆயுசு முழுக்கப் பஞ்சர் ஒட்டினவன். டியூபில் காற்று எவ்வளவு என்று என் கட்டைவிரல் சொல்லும்.

பேத்திக்கு ஐந்து வயது. ஒரு கிட்னியில் புற்றுநோய்க் கட்டி. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லோரும் ‘பூசணி’ என்று கூப்பிட்டோம். அது கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. சில வாரமாக மருந்து ஏறுகிறது. தலைமுடி கொட்டிவிட்டது. வயிறு மட்டும் அப்படியே இருப்பதுபோல என் கண்ணுக்குப் பட்டது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் காலையில் போனில் கத்தினான். “அப்பா, இங்க முதல்ல அறுத்து எடுத்துடுறாங்களாம். அங்க என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க? சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, பிள்ளைய இங்க கூட்டிட்டு வர டிக்கெட் போடணும்.”

டாக்டரம்மாவை வழிமறித்துக் கேட்டேன். “ஒரே கட்டி. அங்க ஒரு வைத்தியம், இங்க ஒரு வைத்தியம்னா எவனோ ஒருத்தன் பொய் சொல்றான்.”

அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“யாரும் பொய் சொல்லலை பெரியவரே. சில நாட்டுல முதல்ல அறுப்பாங்க, சில நாட்டுல முதல்ல மருந்து. ரெண்டு வழியிலயும் பிள்ளைங்க பிழைக்குதுங்க. இவளுக்குக் கட்டி ரொம்பப் பெருசு. இப்ப கத்தி வெச்சா உள்ளயே உடைஞ்சு சிந்திடும். சுருங்கட்டும், எடுத்துடலாம். பாதியில கூட்டிட்டுப் போற பிள்ளைங்களைத்தான் நாங்க பறிகொடுக்குறோம்.”

“சுருங்குதா?”

“நாளைக்கு ஸ்கேன்ல தெரியும்.”

நாளைக்கு! மகனுக்குச் சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும். மருமகள் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: “இங்கயே இருந்துடலாம் மாமா. நான் சொன்னா அவர் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.” வெந்நீர் பிடிக்க பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். வார்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கெட்டியாக இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவது, கொஞ்சம் இளகியிருந்தால் இருப்பது. ஒரு அமுக்கு, அவ்வளவுதான். என் விரலைவிட எந்த மெஷினை நம்பப் போகிறேன்? போர்வையை விலக்கினேன். சட்டையை மேலே சுருட்டினேன். வயிற்றுத் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, நீல நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனேன். சூடு தெரிந்தது.

“தாத்தா.”

கண்ணைத் திறந்திருந்தாள்.

“அமுக்கினா உடைஞ்சிடும். டாக்டரம்மா சொன்னாங்க. அப்பா வந்தாக்கூடத் தொட விட மாட்டேன்.”

“நான் சும்மா பாத்தேன்டி பூசணி.”

“பொய்” என்றாள். ஊசி குத்தாத கையால் என் கட்டைவிரலைப் பிடித்து, தன் நெஞ்சுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். கிரீஸ் ஏறிய நகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். பிடி மட்டும் தளரவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மகன்தான். இன்னொரு கை சும்மாதான் இருந்தது. போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சுருட்டிவிட்ட சட்டைக்குக் கீழே வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்த கையால் சட்டையை இறக்கிவிட்டேன், தோலில் துணிகூட அழுந்தாமல்.