அப்பாவின் மூச்சுக்கு ஒரு நாசில்

ராக்கெட்டுக்கு என்று வாயைத் திறந்தால் கடைக்காரர்கள் விலையைத்தான் முதலில் மேலே ஏவுகிறார்கள் என்பதைக் கவுண்ட்டவுன் கைக்காசு செலவழித்துக் கற்றிருந்தான். அவன் செய்த எந்த ராக்கெட்டும் பூஜ்யத்துக்குப் பிறகு ஒன்றும் செய்யாததால் கல்லூரியில் வைத்த பெயர் அது. எரிபொருளுக்கான சர்க்கரையை அம்மாவின் டப்பா மௌனமாகக் கொடுத்துவிட்டது. அலுமினியக் குழாய் பழைய இரும்புக் கடையில் சிக்கியது. தீ பீறிட்டு வெளியேறும் வாய்க்குக் கிராஃபைட் கரியில் ஒரு நாசில் வேண்டும், அதுதான் கழுத்தைப் பிடித்தது. கட்டை மலிவு, கடைசல் கூலி யானை விலை. கரித்தூள் பறந்து மெஷின் முழுக்க அப்பிக்கொள்ளும் என்று மூன்று லேத் பட்டறைகளில் கையை விரித்துவிட்டார்கள். நாலாவது பட்டறைக்காரர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி இது?"

"அப்பாவுக்குண்ணே. மூச்சுத் திணறல். மூச்சு விடற மெஷின்ல போடணும்."

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு நன்றாகவே வளர்த்தான். அப்பா உட்கார்ந்தபடியே தூங்குவது, மாடிப்படி ஏற முடியாதது, பேச்சுவாக்கில் தெருப் பெயர் என்று எல்லாமே வந்தது. பட்டறைக்காரர் கைவேலையை ஒதுக்கிவிட்டு, முகமெல்லாம் கரியாகக் கடைந்து கொடுத்தார். கூலியை நீட்டியபோது அந்தக் கரி முகம் சுருங்கியது.

"அப்பாவுக்குன்னு சொல்லிட்டு காசு நீட்டறியே. உள்ள வை."

உள்ளே வைத்த காசில் அவனும் நண்பர்களும் சினிமா பார்த்தார்கள். படம் சுமார்தான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவர் விசில் ஊதினால் பக்கத்துத் தெருவில் போகிற சைக்கிள் பிரேக் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது, வீட்டு முன் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜன்னல் வழியாக ஆளைப் பார்த்ததும் கவுண்ட்டவுன் வாசலுக்குப் பாய்ந்தான். ஓடி வருவதற்குள் பட்டறைக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார்.

"சார், இங்க மூச்சு முட்டறவர் வீடு... காலேஜ் படிக்கிற பையன்கூட..."

தாண்டுவதை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வந்த அப்பாவுக்கு வேர்த்து ஒழுகியது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பட்டறைக்காரர் பதறிப்போனார்.

"ஐயோ, நீங்கதானா? நீங்க ஏன் சார் எந்திரிச்சு வரீங்க?"

அப்பா வாசற்படியில் நின்ற மகனைப் பார்த்தார். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். ஆட்டத்தில் தப்பு செய்த பையனைக் கண்டுபிடிக்க அவருக்கு என்றைக்குமே நேரம் ஆனதில்லை. கயிற்றைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து இருமினார்.

"கரியில செஞ்சது நெஞ்சுக்கு ஆவாதேன்னு மனசே கேக்கல சார்." பட்டறைக்காரர் துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல புதுசா போட்டேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணியிருக்கேன், காத்து தடையில்லாம போகும். பழசைத் தூக்கிப் போட்டுருங்க."

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பெரிய உபகாரம்ங்க" என்று சொல்லி, நடுவில் ஒரு தடவை இருமினார்.

"நல்ல பையன் வாய்ச்சிருக்கான் சார். உங்களைப் பத்திச் சொல்லும்போது அவன் கண்ணு கலங்கிருச்சு."

கண்ணில் அன்று விழுந்தது கரித்தூள். அதைச் சொல்ல இது நேரமில்லை.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. மூச்சு எப்போதோ சீராகியிருந்தது.

"கூலியில எவ்ளோ மிச்சமாச்சு?"

"அப்பா, வந்து... நான் போய் அவர்கிட்ட..."

"எவ்ளோன்னு கேட்டேன்."

அப்பா நாசிலை வெயிலில் பிடித்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் அதை உதட்டில் வைத்து, மைதானத்தில் ஊதுகிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் தடையில்லாமல் வந்து அவன் முகத்தில் பட்டது.