புடலங்காயை நடத்திக்கொண்டு போனவள்

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் மாலதிக்கு வேலை. இருட்டறையில் ஆட்களை உட்கார வைத்து, மூக்கில் கனமான பிரேமை மாட்டி, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா" என்று நாள் முழுக்கக் கேட்பாள். தன்னை மட்டும் யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாது என்பது அவளுடைய நாலு வருஷக் கவலை.

காரணம் தலையில் இருந்தது. முப்பத்து மூன்று வயதில் காதோரம் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புழுவெட்டு விழுந்தது. ஆறே மாதத்தில் ஒரு முடி பாக்கியில்லை. மதுரைக்குப் போய் டோப்பா வாங்கி வந்தாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் புருஷன் அம்பலவாணன், மின்சார வாரியத்தில் லைன்மேன். மற்றபடி ஊர் முழுக்க மாலதிக்கு அடர்த்தியான முடி என்றுதான் பேச்சு. மின்விசிறிக்குக் கீழே நிற்கமாட்டாள். குழந்தைகளைத் தூக்கமாட்டாள். யாராவது பூ வைக்க வந்தால் தலைவலி என்பாள்.

கண்ணாடி பிரேம் விற்கும் பிரிவில் ரிஸானா இருந்தாள். தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், மாலதிக்கு நெருங்கிய சிநேகிதி. அவள் தம்பி ஆஷிக் அலி தோஹாவில் ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு இருந்தான். அந்தக் கட்டடத்துக்கு யாரும் வருவதில்லை போலிருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து படித்து, படித்ததையெல்லாம் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் வாய்ஸ் மெசேஜாக, லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவுக்கு அனுப்புவான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தக் குரல்தான் இவர்களுக்குத் தொடுகறி.

அந்த மாதம் அவனுக்கு ஸ்டோயிக் கிறுக்கு பிடித்திருந்தது.

"லாத்தா, கிரேக்க நாட்டுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்ன இருந்த கூட்டம் இது. அவுக சொல்லுதது ரொம்ப லேசு. நம்ம கையில இருக்கது எது, இல்லாதது எதுன்னு பிரிச்சிரு. நீ என்ன நெனைக்க, என்ன செய்த, அது உன் கையில. ஊருக்காரன் உன்னைப் பத்தி என்ன நெனைக்கான்ங்கது உன் கையில இல்ல. வெக்கப்பட வேண்டியது தப்புக்கு மட்டுந்தான். மத்ததுக்கு வெக்கப்படாம இருக்க, வேணும்னே பழகணுமாம். தப்பில்லாத, ஆனா நாலு பேரு சிரிக்க காரியம் எதையாவது செஞ்சு பாக்கணும்."

ரிஸானா தயிர்சாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏட்டி, செஞ்சு பாப்பமா?"

மாலதிக்குப் பயமா ஆசையா என்று தெரியவில்லை. "சரி" என்றாள்.

புதன்கிழமை இடது காலில் சிவப்பும் வலது காலில் பச்சையுமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாண்டை மூன்று தடவை சுற்றினார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. ரிஸானாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலதி வாழைப்பழக் கடையில் போய் முகத்தை வெகு சீரியசாக வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அரை மீட்டர் லைனிங் துணி இருக்கா?" என்றாள். அவர் பழத்தாரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தீந்துட்டும்மா, நாளைக்கு வரும்" என்றார். இருவரும் தெருமுனை வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே போனார்கள். சிரிப்பில் நடக்க முடியவில்லை.

திங்கட்கிழமைதான் உச்சம். மூன்றடி நீளப் புடலங்காய் ஒன்றை வாங்கி, காம்பில் சணல் கயிறு கட்டி, சாயங்காலக் கூட்டத்தில் கோயில் ரத வீதியில் மாலதி இழுத்துக்கொண்டு நடந்தாள். ரிஸானா பக்கத்தில் காவலுக்கு வருகிறவள் போல வந்தாள். பூக்கடைக்காரம்மாள் பூக்கட்டுவதை நிறுத்தினாள். ஒரு ஆட்டோ தானாகவே ஓரம் கட்டியது. மாலதியின் காது சூடாகிக் கொதித்தது. மாலதி மெதுவாக நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று, புடலங்காய் களைப்பாறட்டும் என்று காத்திருந்தாள்.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன ரகம் தாயி? ராஜபாளையமா?"

"இல்ல அண்ணாச்சி. நாட்டுப் புடலை."

"கடிக்குமோ?"

"தெரிஞ்ச ஆளுன்னா கடிக்காது."

அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டார். ரிஸானா அங்கேயே ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வழிய. மாலதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டோப்பாவின் ஓரம் வியர்வையில் நழுவுவது தெரிந்தது. கை பழக்கப்படி மேலே போனது. இத்தனை பேர் பார்க்கப் புடலங்காயை நடத்திக்கொண்டு வந்துவிட்டோம், இதை மட்டும் ஏன் இன்னும் இப்படிப் பொத்திப் பிடிக்கிறோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் வெறுந்தலையோடு வந்து அடுப்படியில் நின்றாள். அம்பலவாணன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"காயப் போட்டிருக்கியா?"

"இல்ல. அலமாரில இருக்கு. இன்னைக்கு அதுக்கு லீவு."

"பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாட்டுக்குப் போறேன்."

"வெயிலு கொளுத்தும். என் தொப்பியத் தரட்டா?"

"லைன்மேன் தொப்பிய மாட்டிக்கிட்டுப் போனா ஃபியூஸ் போடத்தான் கூப்பிடுவாங்க" என்றாள். அவன் சிரித்துவிட்டான். தெருமுனை வரை கூடவே நடந்து வந்தான்.

ரிஸானா பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். மாலதி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ரிஸானாவின் முகம் வாடியது.

"நாலு வருஷமா எங்கிட்டக் கூடச் சொல்லலியே நீ."

"சொல்லிருக்கணும். தப்பு என் மேலதான்."

ரிஸானா துணியை மடித்தாள், பிரித்தாள். திடீரென்று அவள் கண் விரிந்தது. "ஏட்டி, அந்த முடிக்கு என்ன தேய்க்கன்னு உங்கிட்ட கேட்டேனே. கறிவேப்பிலை அரைச்சுத் தேய்க்கேன்னு சொன்னியே."

மாலதி தலையைக் குனிந்தாள்.

"ரெண்டு வருஷமா நான் கறிவேப்பிலை அரைக்கேன். என் தலையணை ரசம் மாதிரி மணக்கு. எங்க மாமியா தெனமும் கேக்கா, தாளிச்சியான்னு."

இரண்டு பேரும் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் ஆள் இளையரசனேந்தல் ஆவுடையப்பன், மானாவாரி விவசாயி. "எந்தக் கோயிலும்மா, பழனியா, திருச்செந்தூரா?" என்று கேட்டார். மாலதி ஆடிப்போனாள். நாலு வருஷமாக அவள் கற்பனை செய்த ஆயிரம் கேள்விகளில் இது இல்லை. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பொய்யில் மறுபடி ஒரு டோப்பா மாட்டுவானேன் என்று தோன்றியது.

"கோயிலுக்கு இல்ல அண்ணாச்சி. புழுவெட்டு. எல்லாம் கொட்டிட்டு."

"அப்படியா" என்றார் அவர். "அந்த மூணாவது வரி மசங்கலாத் தெரியுதும்மா, கொஞ்சம் கூட்டு."

அவ்வளவுதான். மாலதி லென்சை மாற்றினாள். தொண்டைக்குள் சிரிப்பு குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் பதினோரு பேர் கோயில் பெயர் கேட்டார்கள். சிவகிரியிலிருந்து வந்த ஒருவர் வேளாங்கண்ணியா என்றார். பெருக்குகிற முத்துத்தாய் நம்பவேயில்லை. எங்கிருந்தோ சந்தனம் கொண்டுவந்து, "காரணம் எதுவா இருந்தா என்ன, குளிர்ச்சிதானே" என்று தலை முழுக்கப் பூசிவிட்டாள். நாலு வருஷத்தில் அம்பலவாணனைத் தவிர வேறு யாரும் அந்தத் தலையைத் தொட்டதில்லை. மாலதி கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாரும் அப்படியில்லை. தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்று, "பொம்பளைக்கு இது லட்சணமா, மூடிக்கிட்டாவது வரக்கூடாதா" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். மாலதிக்கு முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்தப் பெண்ணின் வாய் அவளுடையது. இந்த அம்மாவின் கண்ணுக்குச் சரியான லென்சைப் போடுவது மட்டும் என் வேலை. இதை இரண்டு தடவை மனசுக்குள் சொன்னபிறகு மூச்சு சீரானது.

"உள்ள வாங்கம்மா" என்று அந்தப் பெண்ணின் அம்மா பாலம்மாளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தாள். பழைய கண்ணாடியில் பவர் தப்பு. புது லென்சில் கடைசி வரிவரை வாசித்த பாலம்மாள், திரும்பி மாலதியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"முன்னயெல்லாம் நீ எப்படி இருப்பன்னே தெரியாது தாயி. இப்பத்தான் பாக்கேன். நல்லாத்தான் இருக்க."

மகள் வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்கும் மாலதி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் இருவரும் வெளியே இறங்கியபோது வானம் கறுத்து, யாரும் எதிர்பாராத கோடை மழை கொட்டியது. தெருவில் எல்லாரும் கடை ஓரங்களுக்கு ஓடினார்கள். மாலதி இறங்கி நடுத்தெருவில் நின்றாள். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக உச்சியில் விழுந்து தெறித்தது. சந்தனம் கரைந்து கழுத்தில் வழிந்தது.

"எப்படிட்டி இருக்கு?" என்று கடை ஓரத்திலிருந்து ரிஸானா கத்தினாள்.

"கூசுது" என்றாள் மாலதி. "வந்து பாரேன்."

"எனக்கு முடி இருக்குல்லா" என்று சொல்லிக்கொண்டே ரிஸானா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.