வாளிக்குப் போன மூன்றாம் எண்

ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் லீத் நோஸ்கேயை விட வாய்க்கொழுப்புப் பிடித்த திராட்சைக்காரன் கிடையாது. அந்தச் சனிக்கிழமை வாயே அவனுக்கு வினையாகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கரில் அவன் ட்ராமினர் கொடி வைத்திருந்தான். அதில் வடிப்பது ரோஜாவும் லிச்சிப் பழமுமாக மணக்கிற வெள்ளை ஒயின். தோட்டத்தில் பாதிப் பங்குக்காரியான அக்கா ஏவிஸுக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. ஊர் ரீஸ்லிங் என்ற வேறொரு வெள்ளைத் திராட்சைக்குப் பேர்போனது. ட்ராமினரோ விற்காமல் கிடங்கில் தேங்கியது. பிடுங்கிவிட்டு ரீஸ்லிங் வைப்போம் என்று அவள் நச்சரித்தது கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது.

அக்கம்பக்கத்தார் மாதம் ஒருமுறை லீத்தின் கொட்டகையில் கூடி, பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து ருசி பார்ப்பார்கள். வாயில் வைத்ததைத் துப்பிவிடுவார்கள்; கிளாஸில் மிச்சமிருப்பது சாப்பாட்டுக்கு. கிளாஸையே வாளியில் கவிழ்த்தால், அந்த ஒயின் மேசைக்கு லாயக்கில்லை என்று அர்த்தம்.

"நம்மளோடத ஒருத்தர் கவுத்தாலும் கொடி போயிடணும். யாரும் கவுக்கலேன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்," என்றாள் ஏவிஸ்.

"ரீஸ்லிங் நாத்துக்குச் சொல்லி வச்சிருந்தா இப்பவே வேண்டாம்னு சொல்லிடு," என்றான் லீத்.

பக்கத்துத் தோட்டத்து ஹியூவும் அவர் மனைவி வில்மாவும் வந்தார்கள். பிரான்சின் அல்சாஸ், டாஸ்மேனியா, நியூசிலாந்து, லீத்துடையது என நான்கு ட்ராமினர். பையில் போட்டவர் ஹியூ; அவற்றைக் கலைத்து எண் எழுதியவள் வில்மா.

முதலாவதை முகர்ந்ததுமே லீத்துக்கு முகம் மலர்ந்தது. "இது என் புள்ள. கண்ணக் கட்டி விட்டாலும் கண்டுபிடிப்பேன்."

"கட்டித்தான் விட்டிருக்கோம். பேசாம குடி," என்றார் ஹியூ.

இரண்டாவது மெலிதாக, எலுமிச்சைப் புளிப்போடு இருந்தது. டாஸ்மேனியா என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவதில் மணத்துக்குக் குறைவில்லை. ஆனால் துப்பிய பிறகும் தொண்டையில் லேசாகக் கசந்தது.

"நியூசிலாந்துக்காரன் வேலை. ரோஜாத் தண்ணியில ஆஸ்பிரினைக் கரைச்சிருக்கான்," என்றான் லீத்.

"இருப்பா, தொத்திறைச்சியோட நல்லாத்தான் இருக்கும்," என்றாள் வில்மா.

"இருந்தா கசப்பு போயிடுமா?" லீத் கிளாஸை வாளியில் கவிழ்த்தான். நான்காவதைப் பற்றி யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

ஹியூ பைகளை உருவினார். முதலாவது அல்சாஸ். இரண்டாவது டாஸ்மேனியா. மூன்றாவதை உருவியவர் லேபிளைப் பார்த்து நெளிந்தார். "லீத், இது உன்னோடதுய்யா."

வீட்டில் லீத் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, பல் கூசுகிற குளிரில் குடித்துத்தான் பழக்கம். அந்தக் குளிர் கசப்பை மறைத்திருக்கிறது. ருசி பார்க்கும்போது அவ்வளவு குளிர் கூடாது என்று இந்தக் கொட்டகையில் சட்டம் போட்டவனே அவன்தான்.

ஹியூவும் வில்மாவும் மூன்றாவதைக் கவிழ்க்கவில்லை. ஏவிஸின் கிளாஸ் மட்டும் காலி.

"நீயும் ஊத்திட்டியா?"

"குடிச்சிட்டேன். நாலுல எனக்கு இதுதான் பிடிச்சுது."

லீத்துக்கு அவமானம் தாங்கவில்லை. வேறு யாராவது ஊற்றியிருந்தால் சண்டை பிடித்திருப்பான்; ஊற்றியது அவனே. "பேச்சுன்னா பேச்சுதான். திங்கக்கிழமை டிராக்டரை எடுக்கிறேன்," என்றான்.

ஏவிஸ் பாட்டிலை எடுத்து அவனுடைய காலி கிளாஸில் ஊற்றினாள். "எதைப் பிடுங்கப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பிடுங்கு."

குடித்தான். கசந்தது. இரண்டாவது மடக்கில் அந்தக் கசப்பு அவனுக்குப் பிடித்துவிட்டது.