ஒரே ஃபிலிமில் மூன்று முகங்கள்

"ஒரு மூஞ்சியையே பதினாலு வருஷமா சகிச்சுட்டிருக்கேன். இதுல மூணா?" என்றாள் அண்ணி, கையில் துணிப்பையோடு. அண்ணன் சிரிக்கவில்லை.

என் ஸ்டுடியோ ஜன்னலில்லாத பின்னறை. விளக்கை அணைத்துவிட்டுக் கேமராவின் ஷட்டரைத் திறந்தே வைப்பேன். நாற்காலியில் இருப்பவரிடம் "யாரா இருக்க?" என்று கேட்பேன். பதில் வந்ததும் ஃபிளாஷ் ஒருமுறை மின்னும். இருட்டிலேயே சட்டை மாற்றி, அடுத்த பதில், அடுத்த மின்னல். முகங்கள் ஒரே ஃபிலிமில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால் அத்தனையும் வெளுத்துவிடும்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததும் விளக்கை அணைத்தேன்.

"யாரா இருக்க?"

"அப்பா." தோளில் மகளின் பள்ளிப்பையோடு மின்னி மறைந்தான்.

"இப்போ?"

"கோல்கீப்பர்." கல்லூரிக் காலத்து ஜெர்சி.

"மூச்சு விட்டுடாதீங்க, தையல் பிரிஞ்சுடும்," என்றது அண்ணியின் குரல்.

மூன்றாவதாக யூனிஃபார்மை நீட்டினாள். பட்டன் போடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. தலை அதே இடத்தில் இருக்கிறதா என்று அண்ணனின் முகவாயைத் தொட்டுப் பார்த்தேன்.

"யாரா இருக்க?"



"பஸ் டிரைவர்னு சொல்ல இவ்வளவு யோசனையா?" என்றாள் அண்ணி.

"நான் பஸ் ஓட்டி மூணு மாசமாச்சு. கண் டெஸ்ட்டுல தேறல. நிறுத்திட்டாங்க."



"தினம் கிளம்பிப் போறீங்களே?"

"லைப்ரரியில உக்காந்திருப்பேன்."

"நேத்துகூட இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்." அவள் குரல் உயரவேயில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டு ஸ்விட்சை நோக்கிப் போவது கேட்டது.

"அண்ணி, ஃபிலிம் போயிடும்!"

"உன் ஃபிலிம் கிடக்கட்டும். இவர் மூஞ்சியைப் பாத்து நான் ஒண்ணு கேக்கணும்."

"போடாத," என்றான் அண்ணன். "இருட்டுங்கறதாலதான் வாய் வந்துது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

சுவரில் கை நகர்ந்துகொண்டேயிருந்தது. இன்னும் ஒரு சாண் இருக்கும்.

"அண்ணி, அண்ணனைப் பாருங்க!" என்று கத்திவிட்டு ஃபிளாஷை அழுத்தினேன்.

ஒரு கணம்தான். பட்டன்கள் இடம் மாறிக் கோணலாகப் போட்ட சட்டை. பாதி திறந்த வாய். கண்கள் கேமராவை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்தன. பிறகு முன்னைவிடக் கெட்டியான இருட்டு.

கை நின்றுவிட்டது.

"என்ன கேக்கணும்?" என்றான் அண்ணன்.



"நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டை எங்க வெச்சு சாப்பிட்டீங்க?"

"லைப்ரரி மாடிப்படியில."

"தனியாவா?"

தட்டுத் தடுமாறிப் போய் ஷட்டரை மூடினேன். இனி விளக்கைப் போட்டாலும் ஃபிலிம் போகாது. அதைச் சொல்லாமல் கேமராவின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.