குருவி இழுத்த பக்கம்

“நடுச் சுவர் இந்தப் படத்துக்குத்தான்” என்று ஓவியக் காட்சிக்கூடத்து அம்மா போனில் சொன்னதிலிருந்து ஓவியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் மனிதர் தலைகால் புரியாமல் குதித்திருப்பார். காடு மேடெல்லாம் அலைந்து மான், நரி, மரங்கொத்தி என்று வரைந்தவருக்கு இத்தனை வருடமாக அந்தக் கூடத்தில் கிடைத்ததெல்லாம் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சுவர்தான்.

“நீங்க அனுப்பின போட்டோவுல அந்தக் குருவி என்னமா ஆடுது சார்! ‘நடனம்’னே பேரு வெச்சிடலாம். நாளைக்குக் காலையில திறப்பு, வரும்போது படத்தைக் கொண்டாந்துடுங்க. எப்படி வரைஞ்சீங்கன்னு வர்றவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

அந்த நாலு வார்த்தைதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

வரைகிற விதத்தைப் பற்றி அவரைக் கேட்டால் சாதாரணமாக விடமாட்டார். முதலில் மடக்கு நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார வேண்டும். பறவை நம்மை மறக்கும்வரை பென்சிலைத் தொடக் கூடாது. பிறகு தாளைப் பார்க்காமல், பறவையை மட்டும் பார்த்துக்கொண்டே கிறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கண். கண்ணில் உயிர் வரவில்லை என்றால் தாள் குப்பைக்குப் போகும். கண் தேறினால்தான் உடம்பு. சிறகின் வெள்ளைக்கு வண்ணமே கிடையாது, தாளை அப்படியே விட்டுவிடுவார். ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கு மனைவியின் ஹேர் டிரையர். இதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியதுதான். ஆனால் இந்தக் குருவி அவரை மறக்கவே இல்லை. அதை எப்படிச் சொல்வது?

அந்த ஹேர் டிரையரைத் தேடிக்கொண்டுதான் சாயங்காலம் மனைவி அவருடைய வேலை அறைக்குள் வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கை கால் முறிந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் தொழில். சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்த படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சரளைக்கல் தரையில் ஒரு ஆட்காட்டிக் குருவி. நீண்ட மஞ்சள் கால்கள் மடங்கியிருக்க, ஒரு சிறகு விரிந்து மண்ணில் புரள, தலையை மட்டும் திருப்பி நேராகப் பார்க்கிறது.

“இந்த றெக்கைக்கு என்ன?”

“ஆடுது.”

“யாருக்குக் காது குத்தறீங்க? எங்கிட்ட லீவு சர்ட்டிஃபிகேட்டுக்கு வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தான் நொண்டுவாங்க. நிஜமா வலிச்சா கண்ணு வலிக்கிற இடத்துக்குப் போகும். இது நம்ம மூஞ்சியையே பார்க்குது. அடிபட்ட மாதிரி நடிக்குதுங்க. யாரை ஏமாத்த?”

ஓவியர் பிரஷ்ஷைக் கழுவினார். கழுவின பிரஷ்ஷையே மறுபடி கழுவினார்.

“என்னைத்தான்.”

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. போன மாதம் நடந்தது. ஊருக்கு வெளியே, இடித்துப்போட்ட ஆலையின் காலி மனை. அங்கே சரளைக்கல்லோடு கல்லாக முட்டைகள் இருந்தன. அதற்குப் பக்கத்தில் போய் நாற்காலியைப் போட்டிருந்தார். குருவி கத்திப் பார்த்தது, தலைக்கு மேல் பாய்ந்து பார்த்தது. கடைசியில் அவர் முன்னால் விழுந்து, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு போனது. முட்டையைவிட்டு ஆளை விலக்கிக் கூட்டிப்போக அது செய்கிற தந்திரம். அவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். சிறகின் மடிப்பு சரியாக வரவில்லை. குருவி சற்று எழுந்து நின்றால், நாற்காலியை முட்டைப் பக்கமாக ஓரடி பின்னுக்கு நகர்த்துவார். உடனே அது விழுந்து புரளும். இன்னொரு தாள், இன்னொரு அடி. முதுகுக்குப் பின்னால் காக்கைகள் இறங்குகிற சத்தம் கேட்டது. சிறகு அப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“முட்டை?” என்றாள் மனைவி.

“ஓடுதான் கிடந்துச்சு.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவு நேரம் கூப்பிட்டிருக்கே. அது இழுத்த பக்கம் நீங்க ஒரு தடவைகூடப் போகலையா?”

“போனா வரைய முடியாதே.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவர் காதிலேயே விழுந்தது. மனைவி ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போனாள். படத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பாமல், அவரைப் பார்க்கிறமாதிரி வைத்துவிட்டுப் போனாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, படத்தைக் காரில் வைத்துக் கிளம்பியவர், காட்சிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. முட்டை பறிபோனால் ஆட்காட்டி மறுபடியும் இடும். அந்த நப்பாசைதான். அந்தக் காலி மனையின் ஓரத்தில் இறங்கி நாலடி வைத்ததுமே அந்தக் கத்தல் கேட்டது. இட்டிருக்கிறது! சந்தோஷப்பட்ட அதே நொடியில், வந்ததே தப்பு என்றும் உறைத்தது.

குருவி தன்னை அடையாளம் கண்டு மன்னித்துவிடும் என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கும்போல. ஆனால் குருவிக்கு அவர் ஓவியரும் இல்லை, திருந்தியவரும் இல்லை. முட்டை தேடி வந்த இன்னொரு திருடன், அவ்வளவுதான். அது அவர் முன்னால் தொப்பென்று விழுந்தது. சிறகை விரித்து இழுத்தது. கழுத்தைத் திருப்பி, வருகிறாரா என்று பார்த்தது.

ஓவியர் போனார்.

பழக்க தோஷத்தில் கை பென்சிலைத் தேடிப் பைக்குள் நுழைந்தது. வெறுங்கையாகவே அதை வெளியே எடுத்துக்கொண்டார். பேன்ட்டில் முள் ஏற, சட்டை வியர்வையில் ஒட்ட, அது இழுத்த பக்கமெல்லாம் போனார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மனையின் கடைசியில் கம்பி வேலி. அதுவரை அவரைக் கூட்டி வந்துவிட்டு, குருவி சிறகை உதறி மடக்கி, ஒரு குறையும் இல்லாமல் எழும்பிப் பறந்தது.

வேலியைத் தாண்டிச் சாலையில் இறங்கிப் போனை எடுத்தார்.

“எங்க சார் இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு!”

“வந்துட்டே இருக்கேன்மா. அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க. அது ஆடலை.”

“அப்புறம் என்ன சார் பண்ணுது?”

“என்னைப் போகச் சொல்லுது.”