கால் ஆம்ப் வெளிச்சம்

காஜா அக்காவுக்கு அன்றைக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு மாதமாகத் தையல் கூடத்தில் பன்னிரண்டு ஹோல்டர்களும் பல்பில்லாமல் மொட்டையாகத் தொங்கின. ஃபியூஸ் ஒருமுறை போனதும், "லைன் தாங்காது" என்று மேனேஜர் பல்புகளையெல்லாம் கழற்றித் தன் அறையில் வைத்துக்கொண்டார். முதலாளியின் மச்சான் அவர்; தாங்காது என்றால் தாங்காதுதான்.

கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலால் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது நல்ல வெளிச்சத்திலேயே கண்ணைப் பிடுங்கும் வேலை. மழை மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவின் நாத்தனாருக்கு இரண்டு கோட்டு கோணிவிட்டது. மூன்றாவதும் கோணினால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இப்போது கையில் இருப்பது மூன்றாவது.

அக்காவுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்புதான் நின்றது, கணக்கு நிற்கவில்லை. காலையில் டம்ளர் கழுவ அனுப்பியபோது, மேனேஜர் அறையை ஒட்டிய குளியலறை ஹீட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு வந்திருந்தாள். வெட்டுத்துணி ஒன்றில் சாக்பீஸால் கணக்குப் போட்டு, மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் துணியைப் பார்க்கவே இல்லை. "பல்பு மேல அறுபதுன்னு போட்டிருக்கு. பன்னெண்டு பல்பு எழுநூத்தி இருபது. ஃபியூஸ் வெறும் பதினஞ்சு. எது பெருசு? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!"

இந்தக் கணக்கை நம்பித்தான் மனிதர் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"அது அறுபது வாட் சார். ஃபியூஸ் பதினஞ்சு ஆம்ப். வாட்டை வோல்ட்டால வகுக்கணும். நமக்கு வர்றது இருநூத்தி நாப்பது வோல்ட். அப்போ ஒரு பல்புக்குக் கால் ஆம்ப். பன்னெண்டுக்கும் சேர்த்து மூணு. அதே லைன்ல உங்க ஹீட்டர் மூவாயிரத்து அறுநூறு வாட். அது ஒண்ணே பதினஞ்சையும் குடிச்சிடுது."

"ஹீட்டரைப் பத்திப் பேசாதே. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"அண்ணி, விட்டுடுங்க" என்றாள் நாத்தனார், அழாத குறையாக.

"ஒரு மாசம் விட்டது போதும்டி."

அக்கா விறுவிறுவென்று அவர் அறைக்குள் போனாள். ஹீட்டரை அணைத்தாள். பல்புகளை எடுத்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாக மாட்டினாள். ஸ்விட்சைத் தட்டினாள். எல்லோரும் ஃபியூஸ் பெட்டியையே பார்த்தார்கள். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. நாத்தனார் முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோத்துவிட்டாள்.

மேனேஜரின் கை ஸ்விட்சுக்குப் போனது.

"தாராளமா அணைங்க சார்" என்றாள் அக்கா. "ஆனா லைன் தாங்காதுன்னு இனிமே சொல்லக் கூடாது. 'நான் வெந்நீர்ல மூஞ்சி கழுவணும், உங்க கண்ணு போனாப் போகட்டும்'னு இவங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொல்லிட்டு அணைங்க."

மிதி மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பன்னிரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார்.

அன்று மேனேஜர் பச்சைத் தண்ணீரில்தான் முகம் கழுவினார்.