ஏழு சொல், பதினான்கு பிழை

அச்சகத்தில் அவருக்குப் புரூஃப்காரர் என்று பெயர். அச்சேறப் போகும் தாள்களைச் சிவப்புப் பேனாவோடு மேய்வது வேலை. தாளைக் கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தையில் முடிப்பார். நேராகப் படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் வார்த்தைகள் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாதவைபோல் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றாகக் காதைத் திருகலாம்.

இப்படி அவரிடம் பிழை தப்பியதே இல்லை. விஷயம்தான் தப்பிவிடும். தெரிந்தவர் ஒருவரின் மரண அறிவிப்பைக் காற்புள்ளி சகிதம் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள், "அவரை ஏன் ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்டவர் அவர்.

அவருக்கு ஐந்தரை வயதில் ஒரு மகள். கூப்பிடும் பெயர் மிளகு. ஆள் பொடிசு, கடித்தால்தான் தெரியும். பள்ளியில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வீடு முழுக்க அவள் கைவண்ணம். காலண்டரில், கரண்டு பில்லில், அப்பா சட்டைப் பெட்டியின் அட்டையில். எழுத்துக்குக் கால் இருக்காது, தலையில் புள்ளி இருக்காது. ஆனாலும் அவள் அம்மா நிறுத்தாமல் படித்துவிடுவாள். மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பவளுக்கு இதெல்லாம் அச்செழுத்து.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது புரூஃப்காரருக்கு ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது.

'அப எனகு பலு அடுது சயகலம நீத புடுகனு.'

கை தானாகப் பேனாவைத் தேடியது. கடைசி வார்த்தையிலிருந்து பிடித்தார். கால் போட்டார், புள்ளி வைத்தார், ஓரத்தில் குறி போட்டார். அடியில் 'ஏழு சொல், பதினான்கு பிழை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அன்று மாலை வாசலிலேயே காத்திருந்த மகளிடம் பெருமையாக நீட்டினார்.

"பாரு மிளகு, அப்பா எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்!"

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை கட்டுப் போட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவள் கீழ்ப்பல் வரிசையில் ஒரு ஓட்டை இருந்தது. "அட, விழுந்துடுச்சா!" என்றார். தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார், வகுப்புலேயே நிறைய எழுதுறவ உங்க பொண்ணுதான். இப்ப மூணே வார்த்தைதான் எழுதுறா. படம், மரம், பட்டம். வேற எழுதுன்னா, 'அது தப்பாயிடும்'ங்கிறா. வீட்ல யாராவது திருத்துறீங்களா?"

"லேசா," என்றார் புரூஃப்காரர், சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டு.

"இந்த வயசுல காதுல விழுறதத்தான் எழுதுவாங்க. காலும் புள்ளியும் பின்னாடி தன்னால வந்து சேரும். அதுக்குள்ள எழுதுறதையே விட்டுட்டா, எங்க வந்து சேர்றது?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் எழுந்துபோய் மகளின் அலமாரியிலிருந்து ஒரு காலி மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு பல். அதைச் சுற்றி, நான்காக மடித்த அந்தச் சீட்டு. மனைவி பிரித்தாள். சிவப்பையெல்லாம் தாண்டிப் பென்சிலை மட்டும் ஒரே மூச்சில் படித்தாள்.

"அப்பா, எனக்குப் பல்லு ஆடுது, சாயங்காலம் நீதான் புடுங்கணும்."

சீட்டை அவர் மடியில் வைத்தாள்.

"முதல் பல்லை நான்தான் எடுப்பேன்னு நீங்கதானே வாக்குக் குடுத்தீங்க? அன்னிக்குப் பூரா அவ என்னைத் தொடக்கூட விடல. நான் கடைக்குப் போனப்புறம் நீங்க எடுத்துவிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நான் எடுக்கலியே."

"அப்ப யாரு?"

"நானே," என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல். "அழல."

புரூஃப்காரர் பேனாவை எடுத்தார். மிளகு பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாத, இங்க வா. எங்க ஆபீஸ்ல ஒரு குறி இருக்கு. சரியா இருந்ததப் போயி ஒருத்தன் திருத்திட்டான்னு வை. அப்ப திருத்தினத அடிச்சிட்டு, பழைய வார்த்தைக்குக் கீழ புள்ளிபுள்ளியா வைக்கணும். 'இது இருக்கட்டும்'னு அர்த்தம்."

பத்தொன்பது வருடத்தில் தன் திருத்தத்துக்கு அந்தப் புள்ளிகள் தேவைப்பட்டதே இல்லை என்று அச்சகத்தில் பீற்றிக்கொண்டிருந்தவர், அன்று ஒரே சீட்டில் ஏழு முறை வைத்தார். இந்தத் தடவை முதல் வார்த்தையிலிருந்து தொடங்கினார். கடைசிக்கு வரும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

மிளகு தாளை வாங்கிப் பரிசோதித்தாள். "அப்ப தப்பு யாருது?"

"திருத்தினவனுது."

"எத்தன தப்பு?"

"பதினாலும்."

"கையெழுத்துப் போடு."

போட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் ஒரு வாரம் படம், மரம், பட்டம்தான் ஓடியது. எட்டாம் நாள் குளியலறைக் கதவில் 'உள அம இருக' என்றொரு அறிவிப்பு தொங்கியது. உள்ளே அம்மா இருந்தாள். புரூஃப்காரர் பேனாவைச் செருப்பு வைக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, வெளியே பொறுமையாகக் காத்திருந்தார்.

இரண்டு மாதம் போனது. ஒரு மதியம் சாப்பாட்டுப் பைக்குள் மறுபடியும் ஒரு சீட்டு.

'அப்பா இனொரு பலு அடுது ஓடி வா.'

ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே சிவப்புப் பென்சிலால் வரிசையாகப் புள்ளிகள். இந்த ஆளை எதற்கு நம்புவது என்று அவளே முன்கூட்டி வைத்துவிட்டிருந்தாள். 'அப்பா'வில் மட்டும், யாரும் சொல்லாமலேயே, புள்ளியும் காலும் வந்து உட்கார்ந்திருந்தன.

புரூஃப்காரர் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிழைகளை எண்ணவில்லை. சரி, எண்ணினார், மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. மேசையிலிருந்த தாள்களை ஓரம் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ன சார், அரை நாள்லயே கெளம்பிட்டீங்க? வீட்ல ஏதும் அவசரமா?" என்றார் மெஷின்காரர்.

"ஆமாப்பா, பல்லு ஆடுது."

"உங்களுக்கா?"

"எழுதியே அனுப்பியிருக்காங்க," என்றார், படியில் பாதி தூரம் இறங்கியிருந்தவர்.